பிரசவம் 'பார்த்தது' என்றால் என்ன? மருத்துவச்சி மாணவிகளின் லாக் புக் குறித்துச் சில கேள்விகள்

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரசவத்தை முன்நின்று நடத்துவதும் 'பார்ப்பது'தான், ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதும் 'பார்ப்பது'தான். மருத்துவச்சி மாணவிகளின் லாக் புக்கில் (செய்த பயிற்சிகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) இந்த இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக ஏறிவிடுகின்றன. உரிமத்துக்கு முந்தைய பயிற்சி பற்றிய விவாதம் எல்லாம் "எத்தனை பிரசவம்?" என்பதிலேயே நிற்பதால், யார் பார்த்தார், எங்கே நின்று பார்த்தார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டுத் தொழில்தகுதி ஆணையின் இணைப்பில் தெளிவான பட்டியல் உண்டு. கர்ப்பகாலப் பரிசோதனை குறைந்தது 100. மாணவியே நடத்தும் பிரசவம் 40. அவ்வளவு தாய்மார் கிடைக்காத இடத்தில் 30 வரை குறைக்கலாம், ஆனால் கூடுதலாக 20 பிரசவங்களில் உதவியாக நின்றிருக்க வேண்டும். ஆபத்து அறிகுறி உள்ள தாய்மார் 40 பேரின் பராமரிப்பு. பிரசவத்துக்குப் பின் தாயும் ஆரோக்கியமான சேயும் என்ற கணக்கில் 100. 'நடத்துவது' வேறு, 'உதவுவது' வேறு என்று பிரித்துச் சொல்கிறதே, அந்த மட்டில் நல்ல பட்டியல். ஆனால் 'நடத்தினார்' என்று எழுத என்னவெல்லாம் செய்திருக்க வேண்டும்? அதை ஒவ்வொரு விதிப்புத்தகமும் வரிவரியாக எழுதியாக வேண்டும்.

என் வரையறை இது. வலி தீவிரமாகும் கட்டத்திலேயே (உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த நிலை) மாணவி அந்தத் தாயிடம் இருந்திருக்க வேண்டும். வயிற்றைத் தொட்டு குழந்தையின் கிடப்பை அவரே சொல்லியிருக்க வேண்டும். இதயத்துடிப்பை முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறையும் கேட்டு, கேட்ட நேரத்திலேயே பதிந்திருக்க வேண்டும். குழந்தையை வாங்கி, நஞ்சை (நஞ்சுக்கொடியை) வெளியே எடுத்து, அது முழுசாக வந்ததா என்று விரித்துப் பார்த்து, அடுத்த இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தரம் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். தலை தெரியும்போது ஓடிவந்து கையுறை மாட்டிக் குழந்தையை ஏந்திக்கொண்டால் அது கேட்ச். பிரசவம் நடத்தியதாகாது.

"இப்படிக் கணக்குப் போட்டால் 40 எப்போது முடியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு தாயின் வலி இரண்டு ஷிஃப்டைத் தாண்டும், மாணவிக்கு மறுநாள் வகுப்பு இருக்கும். அதற்கு வழி, வலிக்காலப் பராமரிப்பு, பிரசவம், அதற்குப் பிந்தைய இரண்டு மணி நேரம் என்று மூன்று தனிக் கட்டங்களாகப் பதிவது. மொத்தத்தில் குறைந்தது 15 மட்டும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே தாயுடன் இருந்ததாக இருக்கட்டும். மீதி துண்டு துண்டாக இருந்தாலும் பாதகமில்லை, துண்டு என்று எழுதியிருந்தால் போதும்.

இன்னொரு பழைய தந்திரம், ஒரே குழந்தையை இரண்டு மாணவிகள் கணக்கில் எழுதுவது. ஒருவர் தலையைப் பிடித்தார், இன்னொருவர் தொப்புள்கொடியை வெட்டினார், இருவருக்கும் தலா ஒன்று. லாக் புக்கில் பிரசவப் பதிவேட்டு எண்ணைக் கட்டாயமாக்கி, எல்லா மாணவிகளின் எண்களையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தினால் இரட்டைப் பதிவு பல்லை இளித்துக்கொண்டு வெளியே வரும். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.

இனி மேற்பார்வை. அந்தச் சொல்லுக்குள்ளேயே 'பார்வை' இருக்கிறது. கண்ணில் படாத தூரத்தில் இருந்துகொண்டு செய்வதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். படிகள் நான்கு. முதலில் மாணவி பார்ப்பது மட்டும். பிறகு கைமேல் கை. மூன்றாவது, மேற்பார்வையாளர் கையுறையோடு கட்டிலோரம் நிற்பது. நான்காவது, அதே அறையில் இரண்டடி தள்ளி நிற்பது. "பக்கத்து ரூமில்தான் இருக்கிறேன், கூப்பிடு" என்ற ஐந்தாவது படி, முக்கும் கட்டத்திலிருந்து நஞ்சு வந்து ரத்தப்போக்கு அடங்கும் வரை உரிமம் இல்லாத யாருக்கும் கிடையாது. போனில் மேற்பார்வை என்பதும் கிடையாது.

இது கெடுபிடி இல்லை, கணக்கு. தலை வந்து தோள் மாட்டிக்கொண்டால் நிமிடங்கள்தான் இருக்கின்றன. தொடைகளை வயிற்றை நோக்கி நன்றாக மடக்க வேண்டும், இன்னொருவர் பூப்பெலும்புக்கு (அடிவயிற்றின் கீழ் முனையில் இருக்கும் எலும்புக்கு) மேலே அழுத்த வேண்டும். மாணவி ஒருத்திக்கு இருப்பது இரண்டே கை. மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு. மேஜையில் இருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்து, கையுறை மாட்டுவதற்குள் அந்த நிமிடம் போய்விடும். ஈரக் கையில் கையுறை எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது லேபர் வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே தலை தெரிவதற்கு முன்பே மேற்பார்வையாளர் கையுறை போட்டிருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருக்கட்டும்.

உள்பரிசோதனை (கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் பார்ப்பது) இன்னும் நுட்பமான இடம். மாணவி பார்த்துச் சொன்னதை உறுதிசெய்ய மேற்பார்வையாளரும் பார்த்தால் அந்தத் தாய்க்கு ஒன்றுக்கு இரண்டு. பனிக்குடம் உடைந்த பிறகு ஒவ்வொரு பரிசோதனையும் தொற்று அபாயத்தைக் கூட்டும். எனவே இருவரும் ஒருவர் முடித்ததும் உடனே மற்றவர் என்று, தாயிடம் இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே அனுமதி கேட்டுச் செய்ய வேண்டும். மேற்பார்வையாளர் வாய் திறப்பதற்கு முன் மாணவி தன் கணிப்பைத் தாளில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் "6 செ.மீ. இருக்கும்" என்று மூத்தவர் சொன்னதும் மாணவியின் விரலுக்கும் 6 ஆகிவிடும், விரல் கடைசிவரை எதையும் கற்காது. ஐந்து மாணவிகள் வரிசையில் நின்று ஒரே தாயைப் பரிசோதிப்பதை விதியிலேயே தடை செய்ய வேண்டும். அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லோரும் அசட்டையாகக் கடக்கும் நேரம் நஞ்சு வரும் நேரம். குழந்தை வந்ததும் அறையில் இருக்கும் அத்தனை கண்களும் குழந்தைமேல் போகும். மேற்பார்வையாளரின் கண் தாயின் வயிற்றிலும் மாணவியின் கைகளிலும் இருக்க வேண்டும். வயிற்றைத் தொட்டு இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்த பிறகே, கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் தசையில், குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள். அவசரத்தில் வயிற்றைத் தொடாமல் ஊசி போட்டு, உள்ளே இரட்டையில் மற்றொன்று இருந்துவிட்டால் விபரீதம். ஆம்பூலை (ஊசிமருந்துக் குப்பியை) உடைப்பது மாணவி, பெயரை உரக்கப் படிப்பது மேற்பார்வையாளர் என்று பிரித்துவைப்பது நல்லது. பக்கத்திலேயே எர்கோமெட்ரின் என்ற இன்னொரு ஊசிமருந்தும் இருக்கும், ரத்த அழுத்தம் அதிகமுள்ள தாய்க்கு அது மாறிப்போனால் ஆபத்து. அடுத்தது, நஞ்சை வெளியே எடுக்கத் தொப்புள்கொடியை இழுப்பது. கர்ப்பப்பை இறுகும் முன், பூப்பெலும்புக்கு மேலே எதிர்கை கொடுக்காமல் இழுத்தால் கொடி அறும், அல்லது கர்ப்பப்பையே உள்வெளியாகப் புரண்டு வரும். மாணவிகள் செய்யும் தவறு பெரும்பாலும் தெரியாமையால் வருவதில்லை, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தால் வருகிறது.

அப்படியானால் குழந்தையை யார் பார்ப்பது? அதனால்தான் மாணவி நடத்தும் பிரசவத்தில் உரிமம் பெற்றவர்கள் இருவர் அறையில் இருக்க வேண்டும் என்கிறேன். மாணவியை அந்த இருவரில் ஒருவராகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ரத்த அளவையும் சொல்லிவிடுகிறேன். கண்மதிப்பு அநேகமாகக் குறைவாகவே சொல்லும். மாணவி முதலில் கண்ணால் மதிப்பிட்டு எழுதட்டும், பிறகு துணிகளை எடைபோடட்டும். உலர்ந்த எடையைக் கழித்தால் 1 கிராம் ஏறக்குறைய 1 மி.லி. தன் கண் எவ்வளவு ஏமாற்றுகிறது என்பது பத்துத் தடவையில் புரிந்துவிடும்.

எபிசியாடமி (குழந்தை வர வழியை அகலமாக்கப் பிறப்புவாயில் போடும் வெட்டு) விஷயத்தில் எனக்கு எண்ணிக்கையே பிடிக்காது. 'இத்தனை வெட்டு' என்று லாக் புக் கேட்டால், தேவைப்படாத தாய்க்கும் கத்தரி போகும். வழக்கமாக எல்லோருக்கும் வெட்டுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. மாதிரி உடலிலோ ஸ்பாஞ்சிலோ வெட்டித் தைத்துக் கை பழகட்டும். உண்மையான தையல் தானாகக் கிழிந்த சிறு காயங்களிலிருந்து தொடங்கட்டும்.

கை மாற்றும் பேச்சைப் பிரசவத்துக்கு முன்பே இருவரும் முடிவு செய்துகொள்ள வேண்டும். "நிறுத்து, நான் எடுக்கிறேன்" என்ற சின்ன வாக்கியம் போதும். கேட்ட நொடியில் மாணவி கையை எடுத்துவிட வேண்டும், விளக்கமெல்லாம் பிறகு. ஆனால் இப்படிக் கை மாறிய பிரசவம் மாணவியின் கணக்கிலிருந்து அடியோடு கழியக் கூடாது. 'உதவி' என்று பதிவாகட்டும். மாறினால் எண் போய்விடும் என்ற நிலை வந்தால், மாணவி சிக்கலை மறைப்பார். "துடிப்பு கேட்கிறதா?" என்றால், கேட்காதபோதும் "கேட்கிறது" என்பார்.

கையெழுத்துக்கு மூன்றே நிபந்தனை: பிரசவத்தில் கூட நின்ற மேற்பார்வையாளரே போட வேண்டும், அதே ஷிஃப்டில் போட வேண்டும், எந்தப் படியில் நின்றார் என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் கட்டுக்கட்டாக நீட்டப்படும் புத்தகங்களில் ஒரே மையில், ஒரே சாய்வில் முப்பது கையெழுத்து இருந்தால், அதை ஏற்றுக்கொண்ட கல்லூரியையும் கேள்வி கேட்க வேண்டும். இன்னொன்று, கற்றுக்கொடுப்பவரே தேர்ச்சி தீர்மானிப்பவராக இருக்கக் கூடாது. பிரிட்டனின் செவிலியர் மருத்துவச்சியர் கவுன்சில் 2018இல் கொண்டுவந்த நெறிமுறைகள் மேற்பார்வையாளரையும் மதிப்பிடுபவரையும் தனித்தனி ஆட்களாக்கின, கல்லூரி சார்பில் மூன்றாவதாக ஒரு மதிப்பீட்டாளரையும் வைத்தன. தினமும் கூட இருந்து பழகியவருக்கு 'தேறவில்லை' என்று எழுதக் கை வராது. சிலருக்கு நேர்மாறாக, மனத்தாங்கலில் எழுதக் கை துடிக்கும். ஒரே ஒரு மருத்துவச்சி மட்டும் இருக்கும் சிறிய இடங்களுக்கு மதிப்பிடுபவர் வெளியிலிருந்து சில நாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

தாயின் சம்மதம் பற்றித் தனியாக நீட்டி எழுத வேண்டியதில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது கேட்பது சம்மதமே இல்லை, கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே கேட்க வேண்டும். மாணவி கேட்கக் கூடாது, மேற்பார்வையாளர் கேட்க வேண்டும். தாய் எந்த நிமிடமும் மனம் மாறலாம்.

கடைசியாக, விதிகளில் பெரிய ஓட்டை இருக்கும் இடம். தேர்வு முடிந்து முடிவும் வந்துவிட்டது, பதிவு எண் இன்னும் வரவில்லை. அந்தச் சில வாரங்களில் வார்டில் அவரை எல்லோரும் 'முடித்தவர்' என்று நினைக்கிறார்கள், சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் யாரும் இல்லை. ஆள் பற்றாக்குறையில் இரவு ஷிஃப்டில் தனியாகப் போடுவதும் இந்த நேரத்தில்தான் நடக்கும். மாணவிக்கான காப்பீடு படிப்போடு முடிந்திருக்கலாம், தொழில் காப்பீடு இன்னும் தொடங்கியிருக்காது. ஏதாவது நடந்தால் பொறுப்பு யார் தலையில் விழும்? பதிவு எண் கைக்கு வரும்வரை அதே நான்கு படிகள் அவருக்கும் பொருந்தும், மருந்துச் சீட்டிலும் வலிக்கால அட்டையிலும் தனிக் கையெழுத்து கிடையாது, பெயர்ப் பட்டையில் 'பதிவுக்குக் காத்திருப்பவர்' என்று இருக்க வேண்டும், ட்யூட்டி பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே மேற்பார்வையாளர் பெயரும் இருக்க வேண்டும். அந்தப் பெயர் காலியாக இருக்கும் இரவில் அவரை ட்யூட்டியில் போடக் கூடாது.