ஒரு கிராபிக்ஸ் கார்டுக்குத் தேவையில்லை; மூன்று கார்டுக்குக் கட்டாயம்

சில கம்ப்யூட்டர் மதர்போர்டுகளின் கீழ்ப்பக்கம், கார்டு ஸ்லாட்டுகளுக்குக் கூடுதல் மின்சாரம் தர ஒரு பவர் சாக்கெட் இருக்கும். அதை எல்லாரும் இணைத்தே ஆக வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒரே கிராபிக்ஸ் கார்டு போடுபவர்களுக்கு அது வேண்டியதில்லை.

கணக்கு இதுதான். கார்டைச் செருகும் நீளமான ஸ்லாட், அதாவது பிசிஐஇ எக்ஸ்16 ஸ்லாட், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 75 வாட் தரும். அதில் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட். கூடுதல் சாக்கெட்டை இணைக்காவிட்டால், ஸ்லாட்டுகளுக்கான இந்த 12 வோல்ட் போர்டுக்கு வருவது பவர் சப்ளையின் பெரிய 24 பின் கனெக்டரின் 10, 11ஆம் பின்கள் வழியாக மட்டும்: ஊதா ஒயரை ஒட்டி இருக்கும் இரண்டு மஞ்சள் ஒயர்கள். மூன்று கார்டும் முழுதாக இழுத்தால் 16.5 ஆம்பியர், பின்னுக்கு 8க்கு மேல். ஃபேன்கள் தனி. பின் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சூடேறி, அந்த இரண்டு துளைகளைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகும். கழற்றிப் பார்த்தாலே தெரியும்.

2016இல் வந்த ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 480 கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து அளவுக்கு மேல் இழுத்ததால், ஏஎம்டி டிரைவரில் திருத்தம் கொடுக்க வேண்டிவந்தது. அப்படிப்பட்ட கார்டு இரண்டு இருந்தாலே கூடுதல் சாக்கெட்டை இணைத்துவிடுவது நல்லது.

போர்டில் 6 பின் சாக்கெட் என்றால் பவர் சப்ளையின் பிசிஐஇ கேபிளை (கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தரும் கேபிள்) நேராகச் செருகுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவர் கனெக்டரிலிருந்து மாற்றும் அடாப்டர் வேண்டவே வேண்டாம். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் தாங்குதிறனே மொத்தம் 4.5 ஆம்பியர்தான். மோலெக்ஸ் எனும் பழைய 4 பின் சாக்கெட் என்றால் ஹார்ட் டிஸ்க், ஃபேன் எதுவும் தொங்காத தனி கேபிளாக இருக்கட்டும். சிபியுவின் 8 பின் கேபிளை இந்தச் சாக்கெட்டில் திணிக்காதீர்கள், பிசிஐஇ கேபிளோடு ஒப்பிட்டால் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும்.