எண்ணிக்கை ஒரு சாக்கு
'எண்ணிக்கை இல்லாத எதிர்க்கட்சி என்னதான் செய்ய முடியும்?' என்று நாடாளுமன்ற எதிர்க்கட்சிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் கேட்பது பாதி நியாயம்தான். மசோதாவைத் தோற்கடிக்க முடியாது, சரி. யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பதிவு செய்ய வைக்கவுமா முடியாது? மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் டங்ஸ்டன் என்ற கனிமத்தை எடுக்கச் சுரங்க ஏலம் விட்ட விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே கொடுத்த சட்டத் திருத்தம், 2023 ஜூலை 28 அன்று மக்களவையில் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் மணிப்பூர் கலவரத்துக்காகக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தன. கோபம் நியாயமானது, ஆனால் மசோதா சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது. குரல் வாக்கெடுப்பில் யார் பெயரும் ஏறாது. பெயர் ஏற வேண்டுமானால் சபாநாயகர் அறிவிக்கும் முடிவை மறுத்து டிவிஷன் (ஒவ்வொருவர் வாக்கையும் பதிவு செய்யும் வாக்கெடுப்பு) கேட்க வேண்டும், அதையும் தன் இருக்கையில் இருந்தபடி கேட்க வேண்டும். பதாகையோடு சபையின் மையப் பகுதிக்கு இறங்கிவிட்டால் 'சபையில் ஒழுங்கில்லை' என்று மறுத்துவிடலாம். 2020-ல் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு டிவிஷன் தராததற்குச் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதான் (எதிர்க்கட்சிகள் அதை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்). 2024 நவம்பரில் மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வந்ததும் 'திருத்தத்தை நீ ஆதரித்தாய்', 'ஏலத்தை எதிர்க்காமல் நீ பத்து மாதம் சும்மா இருந்தாய்' என்று கட்சிகள் சண்டை போட்டன. 2025 ஜனவரி 7-ல் ஏலத்தை எதிர்த்து நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் தபால் நிலையத்துக்குப் பேரணியாகக் கிளம்பியது ஊர்க்காரர்கள்தான். 23-ம் தேதி ஏலம் ரத்தானது. 2023 திருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி எந்தக் கட்சி எம்.பி. தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொடுப்பார் என்று நம் எம்.பி.க்களிடம் கேளுங்கள்.