பிரான்ஸ்லேர்ந்து அனிமே டிஸ்க் வரவழைக்கிறவங்க கவனத்துக்கு

ஜூலை, ஆகஸ்ட் வந்தாலே பாண்டிச்சேரி அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) ரசிகர்கள்கிட்ட ஒரே கேள்விதான்: "பாரிஸ்லேர்ந்து சித்தப்பா லீவுக்கு வர்றாரு, எந்த டிஸ்க் வாங்கிட்டு வரச் சொல்லலாம்?" பிரெஞ்சு தெரியாதுன்னா எதுவும் சொல்லாதீங்க. அவர் பெட்டியில சாக்லேட்டாவது வரட்டும்.

பிரான்ஸ்ல அனிமேக்குப் பஞ்சமில்லை. 1978லயே அங்க டிவியில 'கோல்டோராக்'ங்கிற ஜப்பானிய ரோபோ தொடர் ஓடுச்சு. அந்தக் காலத்துல அங்க வளர்ந்த சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க) வீட்டுப் பிள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க, பாட்டோட சொல்வாங்க. சிக்கல் டிஸ்க்குக்குள்ள இருக்கு. பெரும்பாலும் ஜப்பானிய ஆடியோ, பிரெஞ்சு ஆடியோ, பிரெஞ்சு சப்டைட்டில், அவ்வளவுதான். பல வெளியீடுகள்ல ஜப்பானிய ஆடியோவுக்கு மாத்தினா சப்டைட்டிலை அணைக்கவே முடியாது. ஜப்பான்ல ஒரு டிஸ்க்குக்கு ரெண்டு எபிசோட் போட்டு 7,000, 8,000 யென்னுக்கு விக்கிறாங்க. ஜப்பான் ரசிகன் வெளிநாட்டு மலிவுப் பதிப்பைப் பிடிச்சிடக் கூடாதுன்னு போடுற பூட்டுதான் அந்த அணையாத சப்டைட்டில். மாட்டிக்கிறது நாம.

அடுத்தது ரீஜன், அதாவது எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு பிளேயர்ல ஓடும்னு போடுற பூட்டு. ப்ளூ-ரேயில இந்தியா சி, பிரான்ஸும் பிரிட்டனும் பி, ஜப்பானும் அமெரிக்காவும் ஏ. டிவிடியில இந்தியா 5, பிரான்ஸ் 2, அமெரிக்கா 1. இங்க வாங்கின பிளேயர்ல பி டிஸ்க்கைப் போட்டா படம் வராது, எச்சரிக்கைத் திரைதான் வரும். டிவிடி பூட்டைச் சில பிளேயர்ல ரிமோட்லயே திறக்கலாம். ப்ளூ-ரே பூட்டு அவ்வளவு சுலபமா விடாது. 4கே ப்ளூ-ரேக்கு மட்டும் ரீஜனே கிடையாது. ஆனா அதே பெட்டியில கூட வர்ற சாதா ப்ளூ-ரேக்கு இருக்கலாம், பின் அட்டையைப் பாருங்க.

அதனால சித்தப்பாகிட்ட எதையாவது கேட்டே ஆகணும்னா, பழைய ப்ளூ-ரே பிளேயர் ஒண்ணு கேளுங்க. அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். அது வந்துட்டா, ஆங்கில சப்டைட்டிலோட வர்ற பிரிட்டன் பதிப்புகளைத் தேடி வாங்கலாம், ரெண்டும் ஒரே பி ரீஜன். ஜப்பான், அமெரிக்கா பிளேயர்னா பின்பக்க லேபிளைப் படிச்சிட்டுச் சொருகுங்க. 100-240ன்னு இருந்தா சரி. வெறும் 100 அல்லது 120ன்னு இருந்தா, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம போட்ட அடுத்த நொடியே பவர் சப்ளை காலி.

கம்ப்யூட்டர் டிரைவ் வச்சிருக்கிறவங்களுக்கு: டிவிடி ரீஜனை 5 தடவைதான் மாத்த முடியும், கடைசியா வச்சதுலயே பூட்டிக்கும். ப்ளூ-ரே ரீஜனை டிரைவ் பார்க்காது, மென்பொருள்தான் பார்க்கும்.

பழைய பிரெஞ்சு டிவிடி இலவசமா வந்தாலும் யோசிங்க. விநாடிக்கு 24 பிரேம் படத்தை ஐரோப்பிய டிவியோட 'பால்' (PAL) முறைக்காக 25 ஆக்கி ஓட்டியிருப்பாங்க. 24 நிமிஷ எபிசோட்ல ஒரு நிமிஷம் குறையும், சரிசெய்யாம விட்டிருந்தா குரலும் கீச்சுன்னு ஏறும்.

"இவ்வளவு பாடு எதுக்கு, ஸ்ட்ரீமிங் இருக்கே?" நியாயம்தான். பத்துல எட்டுத் தொடருக்கு ஸ்ட்ரீமிங்கே போதும். பள்ளிக்கூடக் கலாட்டா, சமையல் கதை, இதுக்கெல்லாம் டிஸ்க் வாங்குறது காசுக்குக் கேடு. மியூஸ் இந்தியாங்கிற யூடியூப் சேனல்ல பல தொடர் இலவசமா, முறையான உரிமத்தோடயே கிடைக்குது. 1080பி படம் விநாடிக்கு 8 மெகாபிட் அளவுல வந்தா ஒரு எபிசோட் 1.4 ஜிபி, தினம் 1.5 ஜிபி போன் பேக் அதோட சரி. ப்ளூ-ரேயில அதே எபிசோட் 5 ஜிபி வரைக்கும் இருக்கும். வித்தியாசம் இருட்டுக் காட்சியில தெரியும்: ஸ்ட்ரீம்ல ராத்திரி வானம் பட்டை பட்டையா உடையும். சண்டைக் காட்சியில இன்னொண்ணும் உண்டு. 1997 டிசம்பர்ல போக்கிமான் எபிசோட் ஒண்ணுல பளிச் பளிச்னு ஒளி அடிச்சதுல நூத்துக்கணக்கான குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அப்புறம் வந்த விதிகளால ஜப்பான் டிவி அந்த மாதிரி காட்சிகளை மங்கலாக்குது. ஸ்ட்ரீமிங்குக்கு அநேகமா அந்த டிவி பதிப்பே வருது. வெளிச்சத்தை மீட்டு, கோணல் மூஞ்சியைத் திருத்தி வரைஞ்சது ப்ளூ-ரேக்குப் போகுது. டிஸ்க்குக்குச் செலவு பண்ணணும்னா இந்த வகைத் தொடருக்குப் பண்ணுங்க.

ஸ்ட்ரீமிங்ல இருக்கிறது நம்மளோடது இல்லைங்கிறதுக்கு ரெண்டு சாட்சி. 2019ல நெட்ஃப்ளிக்ஸ்ல எவாஞ்சலியன் தொடர் வந்தப்ப, உரிமம் கிடைக்காம முடிவுப் பாட்டு ஜப்பானுக்கு வெளியே காணாமப் போச்சு. 2024 ஏப்ரல்ல ஃபனிமேஷன்ங்கிற அமெரிக்க அனிமே ஸ்ட்ரீமிங் தளத்தை மூடினப்ப, டிஸ்க்கோட வந்த குறியீட்டைப் (code) போட்டுச் சேர்த்த டிஜிட்டல் பிரதிகளும் போச்சு. டிஸ்க் வச்சிருந்தவங்களுக்கு டிஸ்க் மிச்சம்.

எனக்கு உறுத்துற விஷயம் தமிழ் டப். சோலோ லெவலிங் மாதிரி தொடர்களை இப்ப தமிழ்லயே பார்க்க முடியுது, நல்லாவும் பண்றாங்க. ஆனா ஜப்பான், அமெரிக்கா, பிரான்ஸ்னு எந்த நாட்டு டிஸ்க்கை வாங்கினாலும் அந்தத் தமிழ் ஆடியோ அதுல இருக்காது. உரிமம் முடிஞ்சு தளம் தூக்கிட்டா, காசு கொடுத்துக்கூட வாங்க வழியில்ல. இங்க கேட்டுச் சத்தம் போட வேண்டியது இதுக்குத்தான். ஜப்பான் ஸ்பெஷல் பாக்ஸ் அட்டைப்படத்துக்கு இல்ல.

வாங்கின டிஸ்க்கைக் கடல் காத்துல இருந்து காப்பாத்தணும். முத்தியால்பேட்டையா இருந்தாலும் கடலூர் தேவனாம்பட்டினமா இருந்தாலும் உப்பு ஈரம்தான். மூடி இறுகின பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஜெல்லை மாத்திடுங்க. பூஞ்சை படிஞ்சா மெல்லிய துணியால நடுவிலேர்ந்து விளிம்புக்கு நேரா துடைங்க, வட்டமா தேய்க்காதீங்க.