100 யூனிட் இலவசம், சயான் வரைக்கும்தான்

மும்பை மாநகராட்சித் தேர்தல் ஒருவழியாக முடிந்தது. 2017-க்கு அப்புறம் 2026 ஜனவரி 15 அன்றுதான் வாக்குப்பதிவு. 2022 மார்ச்சில் பழைய மன்றத்தின் காலம் முடிந்த பிறகு கிட்டத்தட்ட நான்கு வருடம் நிர்வாக அதிகாரியின் ஆட்சி. சாக்கடை அடைத்துக்கொண்டால் போய் நின்று சத்தம் போட வார்டுக்கு ஒரு ஆள் கிடையாது. இப்போது 227 பேர் வந்துவிட்டார்கள். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் கரண்ட், பஸ், தண்ணீர் பற்றிச் சொன்னதைத்தான் இங்கே பேசப் போகிறேன். கட்சிச் சண்டை போட வருபவர்கள் வேறு இடம் பார்க்கவும்.

உத்தவ், ராஜ் தாக்கரே சகோதரர்கள் பக்கம் பெஸ்ட் (பஸ்ஸும் கரண்டும் தரும் மாநகராட்சி நிறுவனம்) மின்சாரம் 100 யூனிட் இலவசம் என்றார்கள். மும்பைத் தமிழர்களான நமக்கு இது பழகிய பாட்டு. ஊரில், தமிழ்நாட்டில், 2016-லேயே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாக்கிவிட்டார்கள். ஆனால் அங்கே குமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை ஒரே வாரியம். இங்கே அப்படியா? மும்பை ஒரு காலத்தில் ஏழு தீவு. கடலைத் தூர்த்து ஒன்றாக்கிய பிறகும் அந்தத் தீவின் எல்லை கரண்ட் பில்லில் அப்படியே இருக்கிறது. கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை பெஸ்ட். அதைத் தாண்டினால் அதானி, டாடா என்று தனியார். முலுண்ட், பாண்டுப் பக்கம் மாநில அரசின் மகாவிதரண். ஆக, பெஸ்ட் எல்லைக்குள் தாராவியில் இருக்கும் நான் அந்தக் கணக்கில் வருவேன், எல்லைக்கு வெளியே சீத்தா கேம்பில் இருக்கும் என் மதினி வரமாட்டார். ஓட்டு மட்டும் இரண்டு பேரும் ஒரே மாநகராட்சிக்குத்தான் போட்டோம்.

நானாவது வருவேனா என்றால் அதுவும் சந்தேகம். எங்கள் சந்தில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். மாடி அறைக்குத் தனி மீட்டர் கிடையாது. வீட்டுக்காரர் ஒரு சப்-மீட்டரை மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்லும் விலையை மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார். பெஸ்ட் 100 யூனிட்டைத் தள்ளுபடி செய்தால் அது அவர் பெயரில் உள்ள பில்லில் கழியும். கீழே அவர், மேலே மூன்று குடும்பம். அவர் எங்களுக்குக் குறைப்பாரா? வீட்டுக்கார அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது, கேட்கத்தான் செய்வேன்.

சொத்து வரியும் இதே கதைதான். 500 சதுர அடி வரை 2022-லேயே தள்ளுபடி ஆகிவிட்டது. இந்தத் தடவை 700 சதுர அடி என்றார்கள். மாட்டுங்காவில் ஃபிளாட் வைத்திருக்கும் பென்ஷன்காரர் சந்தோஷப்படுவார், படட்டும். பத்துக்குப் பத்து அறையில் இருப்பவனுக்கு இதில் என்ன இருக்கிறது?

பஸ்ஸுக்கு வருவோம். 2019-ல் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாய் ஆக்கினார்கள், 2025 மே மாதம் 10 ஆனது. தேர்தலில் ஒரு பக்கம் மறுபடி 5 என்றார்கள், இன்னொரு பக்கம் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். நல்லதுதான். ஆனால் ஒரு காலத்தில் மின்சாரத்தில் வந்த பணத்தை வைத்துத்தான் பெஸ்ட் பஸ்ஸின் நஷ்டத்தைச் சமாளித்தது. இப்போது மாநகராட்சி கொடுக்கும் பணத்தில் மூச்சு வாங்குகிறது. சொந்த பஸ்கள் தேய்ந்துபோய், பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களின் வண்டிகள்தான் ஓடுகின்றன. அதே பெஸ்டிடம் கரண்டும் இலவசம், டிக்கெட்டும் பாதி என்றால், அந்தப் பணத்தை எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பீர்கள் என்று இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை. மாநகராட்சியிடம் பணம் இல்லாமல் இல்லை, 2025-26 பட்ஜெட் 74,427 கோடி. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பத்து ரூபாயை விட, வராத பஸ்ஸைத்தான் திட்டுவார்கள்.

என் உண்மையான கோபம் தண்ணீர் பற்றியது. பாட்சா, தான்சா, வைதரணா என்று ஏழு ஏரி, அணைகளிலிருந்து தினமும் ஏறக்குறைய 400 கோடி லிட்டர் மும்பைக்கு வருகிறது. பெரும்பகுதி பள்ளத்தை நோக்கித் தானாகவே ஓடி வரும் தண்ணீர். அது எங்கள் சந்துக்குள் நுழைந்ததும் நடப்பதைப் பாருங்கள். விடியும் முன்னே குழாய் சத்தம் போடும். சந்து முனையில் நாலு வீட்டில் மோட்டாரைப் போடுவார்கள். கடைசி வீட்டு ஆத்தா குழாயில் வாயை வைத்து உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். முதல் ஐந்து நிமிடம் வருவது மஞ்சள் தண்ணீர், ஏனென்றால் எல்லாருடைய பிளாஸ்டிக் பைப்பும் சாக்கடைக்குள்தான் கிடக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிடிக்கலாம் என்றால் அதற்குள் நேரம் முடிந்துவிடும். மதினி பக்கம் இன்னும் மோசம், கேனுக்குக் காசு கொடுத்துத்தான் பாதி நாள் ஓடுகிறது. மாநகராட்சி ஆயிரம் லிட்டருக்கு வாங்குவதை அங்கே சில கேனுக்கே கொடுத்துவிடுவார்கள்.

குடிசை சட்டப்படி இருக்கிறதோ இல்லையோ, குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. 2022-ல் மாநகராட்சியும் எல்லாருக்கும் தண்ணீர் என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, என் வார்டில் இத்தனை வீட்டுக்கு இந்தத் தேதிக்குள் இணைப்பு என்று ஒரு வேட்பாளராவது பேசினாரா? மின் கட்டணத்தை முடிவு செய்வது மாநில ஒழுங்குமுறை ஆணையம், நகர்சேவக் (வார்டு கவுன்சிலர்) அதில் கை வைக்க முடியாது. சந்துக்குள் வரும் தண்ணீர்க் குழாயை மாற்றுவது மாநகராட்சியின் சொந்த வேலை. கைக்கு எட்டுவதை விட்டுவிட்டு எட்டாததை எல்லாம் தருகிறேன் என்றார்கள்.

அதனால் ஒரு வேலை செய்யலாம் என்றிருக்கிறேன். தாராவி, கோலிவாடா, ஆண்டாப் ஹில், சீத்தா கேம்ப், கோவண்டி ஆட்கள் கீழே எழுதுங்கள்: உங்கள் சந்தில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம், கடைசி வீட்டுக்குப் போகிறதா, மீட்டர் யார் பெயரில். வார்டு வாரியாகப் பிரித்து மராத்தியில் எழுதி அந்தந்த நகர்சேவக் ஆபீஸில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கி வைக்கலாம். மராத்தி நன்றாக எழுதத் தெரிந்த தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.