டெஸ்ட் கீ வாங்க ஜிஎஸ்டி எண் எதற்கு?

சில வருடங்களுக்கு முன் வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரிக்கு ஒருநாள் பயிலரங்கு நடத்தப் போயிருந்தேன். அப்போது பணப் பரிவர்த்தனைக்கான மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் டெவ்ரெல் (டெவலப்பர் ரிலேஷன்ஸ்) வேலையில் இருந்தேன். எங்கள் மென்பொருளை மற்றவர்களின் புரோகிராம்களோடு இணைக்க உதவும் ஏபிஐயை வைத்து வேலை செய்கிற வெளி டெவலப்பர்களுக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கடைக்கான பணம் செலுத்தும் பக்கத்தை இரண்டு மணி நேரத்தில் நீங்களே செய்துவிடலாம் என்று சொல்லித்தான் மாணவர்களை அழைத்திருந்தோம். முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். சனிக்கிழமை என்பதால் நிறைய பேருக்குப் பகுதிநேர வேலை உண்டு. அதற்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

பத்தரைக்குத் தொடங்கினோம். பதினொன்றே முக்கால் வரை ஒருவர்கூட புரோகிராமின் முதல் வரி கோடு எழுதவில்லை. ஏபிஐயைச் சோதித்துப் பார்க்கத் தேவையான டெஸ்ட் கீ என்ற கடவுக்குறியை வாங்குவதற்கான படிவத்தில் ஜிஎஸ்டி எண் கட்டாயம் என்று இருந்தது. நிஜப் பணம் ஒரு ரூபாய்கூட நகராத சோதனைக் கணக்கு அது! என்னுடைய கணக்கு எப்போதோ உள்ளிருந்தே உருவாக்கிக் கொடுத்தது என்பதால் அந்தப் படிவத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கிக் கேட்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அக்கா, கம்பெனி இல்லாதவங்க இதைக் கத்துக்கக் கூடாதா?" என்றாள்.

அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. அன்றைக்கு என் டெஸ்ட் கீயையே போர்டில் எழுதிப் போட்டு மீதி நேரத்தை ஓட்டினோம். பாதிப் பேர்தான் முடித்தார்கள்.

திங்கட்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள், எத்தனை டி-ஷர்ட் கொடுத்தோம் என்று கட்டங்கள் இருந்தன. அந்தப் பெண் கேட்டதை எழுத ஒரு கட்டம் இல்லை. தனியாக மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த ஜிஎஸ்டி கட்டம் ஏன் வந்தது என்று விசாரித்தால், உண்மையான வாடிக்கையாளர் யார் என்று விற்பனைப் பிரிவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக யாரோ எப்போதோ சேர்த்தது. அதை எடுக்கச் சொல்லி நான்கு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "பேக்லாகில் இருக்கிறது", அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையில் காத்திருக்கிறது என்ற பதில்தான் வந்தது.

அப்புறம் ஒரு வழி தோன்றியது. அடுத்த பயிலரங்குக்கு அந்தப் பதிவுப் பக்கத்தைப் பராமரிக்கிற இன்ஜினியரையே கூட்டிக்கொண்டு போனேன். பேச வேண்டாம், கடைசி வரிசையில் ஒரு மாணவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள், கீபோர்டை மட்டும் தொடாதீர்கள் என்றேன். இருபது நிமிடத்தில் வெளியே வந்தார். முகம் வாடியிருந்தது. "நாம இவ்வளவு மோசமாவா வெச்சிருக்கோம்?" என்றார். அடுத்த வாரம் அந்தக் கட்டம் போய்விட்டது. நான் நான்கு மாதம் கேட்டும் நடக்காதது அந்த இருபது நிமிடத்தில் நடந்தது.

டெவலப்பர் அனுபவத்தை எப்படி மேம்படுத்துவது என்று இன்று பெரிய பெரிய கருத்தரங்குகள் நடக்கின்றன. அதில் நல்ல ஆய்வும் இருக்கிறது. 2023இல் மென்பொருள் ஆய்வாளர் நிக்கோல் ஃபோர்ஸ்கிரன் உள்ளிட்ட நால்வர் எழுதிய ஒரு கட்டுரை மூன்று விஷயங்களைச் சொல்கிறது. நாம் செய்ததற்குப் பலன் எவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு வேலையை முடிக்க எவ்வளவு சங்கதிகளை மண்டையில் சுமக்க வேண்டியிருக்கிறது, இடையூறு இல்லாமல் வேலையில் மூழ்க முடிகிறதா. எனக்கு இது முழுக்கச் சரி என்று படுகிறது. அந்த ஜிஎஸ்டி கட்டம் மூன்றையும் ஒரே அடியில் உடைத்தது. ஆனால் கட்டுரையைப் படித்து யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மாணவி எழுந்து வந்து கேட்டாள். அவள் கேட்கக்கூடிய தூரத்தில் நிறுவனத்தின் ஆள் ஒருத்தி நின்றிருந்தாள். டெவ்ரெல் என்ற வேலையின் உயிர் அதுதான் என்று நான் நம்புகிறேன். மேடையில் பேசுவது, வீடியோ போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்படிக் கேட்கிற துணிச்சலை வளர்க்கிற இடங்கள் இந்த ஊரில் வெகுகாலமாக இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்து வந்து வேளச்சேரியில் விடுதியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் பறக்கும் ரயிலில் தரமணிக்குப் போவேன். சிஐடி வளாகத்தில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் நான்காம் சனிக்கிழமைகளில் சென்னைபை கூடும். பைத்தான் என்ற நிரல்மொழிக்கான சென்னைப் பயனர் குழு அது. கட்டணம் கிடையாது, எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. அதற்கும் முந்தையது ஐஎல்யூஜிசி. 1998இல் தொடங்கிய, லினக்ஸ் இயங்குதளத்துக்கான சென்னைப் பயனர் குழு. ஐஐடி வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடிக்கூடியே எத்தனையோ பேரை உருவாக்கியது. 2019இல் பைத்தான் பயனர்களின் பைகான் இந்தியா மாநாடு சென்னைக்கு வந்தபோது நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நின்றுகொண்டு எனக்குக் கண் கலங்கியது. மாதாமாதம் முப்பது, நாற்பது நாற்காலிகளை யாரோ எடுத்துப் போட்டு, திரும்ப அடுக்கி வைத்துவிட்டுப் போன வருடங்கள்தான் அன்றைய கூட்டமாக வந்து நிற்கிறது என்று தோன்றியது.

என் முதல் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேசியவர் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு ஒரு சந்தேகம். ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனதுக்குள் மூன்று தடவை கட்டிப் பார்த்தேன், வரவில்லை. தேநீர் இடைவேளையில் நரைத்த தாடியோடு ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "ஏதோ கேக்க வந்தீங்களே, தமிழ்லயே கேளுங்கம்மா" என்றார். கேட்டேன். பதில் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. இடைவேளை முடிந்ததும் எழுந்து, "இவங்க ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க" என்று எல்லோருக்கும் திரும்பச் சொன்னார். பேச்சாளருக்கே அது புதிதாக இருந்தது. அந்தத் தாடிக்காரர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் செய்ததைத்தான் பிற்பாடு நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

மொழியைப் பற்றிப் பேசினால் சிலர் உடனே, "கோடு ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டுமே" என்கிறார்கள். கற்றுக்கொள்ளட்டும், கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் புதிய விஷயம் ஒன்றையும் புதிய மொழி ஒன்றையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றினால் எது புரியவில்லை என்பதே புரியாமல் போய்விடும். சந்தேகத்தைத் தாய்மொழியில் கேட்கும்போதுதான் அது சரியான இடத்தைத் தொடுகிறது. கணியம் மின்னிதழ் 2012இலிருந்து யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. காஞ்சிலக் என்கிற காஞ்சிபுரம் லினக்ஸ் குழு வாராவாரம் இணையவழியில் கூடித் தமிழில் பேசுகிறது. இவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். இந்த ஊரிலேயே பல்லாயிரம் இன்ஜினியர்களை வைத்திருக்கும் நிறுவனங்களில் எத்தனை, தங்கள் ஏபிஐக்கு ஒரே ஒரு தொடக்கப் பக்கத்தையாவது தமிழில் எழுதியிருக்கின்றன? எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு நல்ல உதாரணமும் சொல்கிறேன். பைத்தானில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால், முன்பெல்லாம் அதற்கு அடுத்த வரியில் தவறு என்று காட்டும். அந்த வரியில் ஒரு தவறும் இருக்காது. புதிதாகக் கற்பவர்கள் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில், இந்த இடத்தில் திறந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று அந்த இடத்தையே சுட்டிக்காட்டுகிற மாதிரி மாற்றினார்கள். பெயரை எழுத்துப்பிழையோடு தட்டினால், இதைச் சொல்ல வந்தீர்களா என்று கேட்கவும் செய்தது. இந்த மாற்றத்தால் மொழியில் புதிதாக எதையும் செய்ய முடியும் என்று ஆகிவிடவில்லை. தடுக்கி விழுகிற இடத்தில் விளக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பதிப்பு வந்த பிறகு நான் எடுத்த முதல் வகுப்பில், வழக்கமாக எல்லோரும் முழிக்கிற இடத்தில் பசங்க தாங்களே திருத்திக்கொண்டு போனார்கள். ஒரு தொடக்கநிலை மாணவனின் பின்னால் நின்று பார்த்தவர்களால்தான் இப்படி ஒரு வேலையை முக்கியம் என்று நினைக்க முடியும்.

எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஹேக்டோபர்ஃபெஸ்ட் இருக்கிறது. 2014இல் டிஜிட்டல்ஓஷன் என்ற கிளவுட் நிறுவனம் நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கியது. அக்டோபர் மாதத்தில் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூலத் திட்டங்களுக்குச் சில புல் ரிக்வெஸ்ட், அதாவது திருத்தங்களைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள், அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். 2020இல் நான்கு அனுப்பினால் போதும் என்று இருந்தது. திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய வெற்று புல் ரிக்வெஸ்ட்டுகள் வெள்ளமாக வந்தன. தங்கள் ஓய்வு நேரத்தில் திட்டங்களைப் பராமரிக்கிறவர்கள் குப்பையைத் தள்ளியே களைத்துப்போனார்கள். விரும்பிச் சேர்கிற திட்டங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டிவந்தது. 2023இல் டி-ஷர்ட்டே நின்றுபோனது. அந்தக் குப்பையில் நம் நாட்டு மாணவர்கள் அனுப்பியதும் இருந்தது. அவர்களைத் திட்டி எழுதியவர்கள் நிறைய. எனக்கு அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. திறமூலம் என்றால் ஒரு குழுவோடு பழகுவது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? டி-ஷர்ட் கிடைக்கும் என்று மட்டும்தான் சொன்னோம்.

2022, 2023 ஆட்குறைப்புகளின்போது பல நிறுவனங்கள் டெவ்ரெல் குழுக்களைச் சுருக்கின. வருமானத்தோடு நேரடித் தொடர்பைக் காட்ட முடியவில்லை என்பது காரணம். டி-ஷர்ட்டையும் வருகையையும் எண்ணிக் காட்டியவர்களால் வேறு எதைக் காட்ட முடியும்? என்னைக் கேட்டால், ஒரு கேள்வி வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வி இனி எழவே தேவையில்லாதபடி தயாரிப்போ, டாக்ஸ் என்கிற விளக்க ஆவணங்களோ மாறுகிற நாள் வரை எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணச் சொல்வேன். எங்கள் ஜிஎஸ்டி கட்டத்துக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. அதை இரண்டு வாரமாகக் குறைக்கிற டெவ்ரெல் குழுவை எந்த நிறுவனமும் கலைக்காது.

இப்போது இன்னொரு கவலை சேர்ந்திருக்கிறது. 2008இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம் வந்த பிறகு உலகம் முழுக்க டெவலப்பர்களின் சந்தேகங்கள் பொதுவெளியில் பதிவாகிவந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து அங்கே கேள்விகள் வேகமாகக் குறைந்துவிட்டன. மாணவர்கள் இப்போது இயந்திரத்திடம் கேட்கிறார்கள். தமிழிலும் கேட்கிறார்கள், அது திட்டுவதில்லை, சிரிப்பதில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான். என் காலத்தில் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் நூறு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்து, நூறு பேரும் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுந்து போய்விட்டால், அந்தக் கல்லை யார் எடுப்பது? அந்த மாணவி அன்றைக்கு ஒரு சாட்பாட்டிடம் கேட்டிருந்தால், ஜிஎஸ்டி எண் இல்லாமல் வேறு எந்தச் சேவையில் பழகலாம் என்று பக்குவமாகச் சொல்லியிருக்கும். அவள் வேலை முடிந்திருக்கும். எங்கள் படிவம் அப்படியே இருந்திருக்கும்.

அதனால்தான் நேரில் கூடுகிற இடங்கள் முன்னைவிட இப்போது அதிகம் வேண்டும் என்கிறேன். ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலை நெடுகச் சனிக்கிழமைகளில் ஏசி அணைத்துப் பூட்டிக் கிடக்கிற கூட்ட அறைகள் எத்தனை! ஒரு பயனர் குழுவுக்கு மாதம் ஒரு நாள், ஒரு அறை, வைஃபை, குடிக்கத் தண்ணீர், உள்ளே விடச் சொல்லி காவலாளியிடம் ஒரு வார்த்தை. பேனர் வைக்க வேண்டும், நம் தயாரிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம். விற்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் வாய் திறந்து சந்தேகம் கேட்க மாட்டார்கள். நடத்துகிறவர்களையும் கொஞ்சம் பாருங்கள். எல்லாக் குழுவிலும் இரண்டு மூன்று பேர்தான் இடம் தேடி, பேச்சாளர் தேடி, வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் ஊழியர் ஒருவர் அதில் இருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் அவருக்கு அந்த வேலைக்கென்று நேரம் கொடுங்கள்.

அடுத்த மாதம் அதே வடசென்னைக் கல்லூரிக்கு மறுபடி போகிறேன். இந்த முறை எந்த நிறுவனத்தின் சார்பாகவும் இல்லை. மாணவர்கள் நாற்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், லேப்டாப் பாதிப் பேரிடம்தான் இருக்கும், மீதிப் பேருக்குக் கல்லூரி லேபில் விண்டோஸ் கணினிகள். ஏபிஐயோ, டெவலப்பர்களுக்கான கருவித்தொகுப்பான எஸ்டிகேயோ செய்கிற சென்னை நிறுவனங்களில் இருக்கும் நண்பர்கள், உங்கள் பதிவுப் பக்கத்தையும் தொடக்க டாக்ஸையும் எழுதிய ஆளை அனுப்புங்கள். மேனேஜர் வேண்டாம், எழுதியவரே வரட்டும். பேச வேண்டியதில்லை. கடைசி வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.