வாய்ச்சொல்லும் அத்தாட்சிதான்

இலங்கையின் மலையகத்தில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வாய்மொழி வரலாறு சேகரிக்கிறோம் என்று சொன்னால், 'நல்லது, பழைய பாட்டும் கதையும் அழிஞ்சு போகாம எடுத்து வைக்கிறீங்க' என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் ஆட்கள் வாயால் சொன்னதை அரசாங்கம் நம்ப மறுத்ததில் தொடங்கிய கதை இது.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு நீங்கள் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உங்கள் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும், அவருடைய அப்பாவும். அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். லயத்து அறையில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் தாத்தாவின் பிறப்புப் பதிவு இருந்திருக்கும்? எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தக் கங்காணியின் (தொழிலாளரைத் திரட்டி மேய்த்தவரின்) ஆள் என்று அப்பாயிமார் பிசகாமல் சொல்வார்கள். அது செல்லவில்லை. ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னார் கோச்சியில் ஏறியவர் யார், பிளாட்பாரத்தில் நின்று அழுதவர் யார் என்பதெல்லாம் அந்தத் தாளில் கிடையாது. அது சனங்களின் வாயில்தான் இருக்கிறது.

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தொழிற்சாலைக் கட்டிடம், மினுக்கி வைத்த இயந்திரங்கள், இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, கொழுந்து பறித்தவர்களைத் தேட வேண்டியிருக்கும் என்பதைத் தவிர. 2007இல் கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். எனக்கு அதுதான் முக்கியமான இடம். அந்த அறையின் அளவைப் பார்த்தாலே பாதி வரலாறு புரிந்துவிடும்.

2023இல், மலையகத்தார் வந்து இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கோப்பித் தோட்டத்துக்கு முன்னோர்கள் நடந்துவந்த அதே வழி. காட்டிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களின் கதை அதுவரை வீட்டுக்குள் சொல்லும் கதையாக இருந்தது. அது தெருவுக்கு வந்தபோது காணி, வீடு, சம்பளம் என்ற கோரிக்கைகளும் கூடவே வந்தன.

ஆனால் ஒரு விஷயத்தில் நாமே கொஞ்சம் கள்ளத்தனம் செய்கிறோம். வெள்ளைக்காரத் துரையின் கொடுமையைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் சொல்வோம். கங்காணி யார்? நம் ஆள். இந்தியாவில் ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் கட்டியவர். அந்தக் கடன் துண்டுச் சீட்டில் ஏறி, தோட்டம் விட்டுத் தோட்டம் ஆளைத் துரத்தியது. 1921இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். வேலைக்கு இறங்கிய தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு வந்தது. இதைப் பேசும்போது மட்டும் பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

தப்பு என்ற பறை மேளத்தின் கதையும் அப்படித்தான். விடியுமுன் தப்படித்துத்தான் ஆட்களை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு எழுப்பினார்கள். இன்று அதே தப்பு சம்பளப் போராட்டத்தில் ஊர்வலத்துக்கு முன்னால் போகிறது. பார்க்க எனக்கும் புல்லரிக்கும். சரி, தப்படித்த குடும்பங்களுக்கு எந்த லயம் ஒதுக்கினார்கள்? எந்த வீட்டு வாசலோடு அவர்களை நிறுத்தினார்கள்? மேடையில் தப்பு முழங்க, அதை அடித்தவர் பட்ட அவமானத்தை மட்டும் மறைத்தால், நமக்கு வசதியான நீதியைத்தான் கேட்கிறோம்.

இன்னொரு கோபமும் உண்டு. ஆய்வுக்கு வருகிறார்கள், பிளேன்டீ குடிக்கிறார்கள், கிழவியை மூன்று மணிநேரம் பேசவைத்துப் பதிவு செய்கிறார்கள், போய்விடுகிறார்கள். குரல் கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஏதோ கம்ப்யூட்டரில் கிடக்கிறது. பேத்திக்குக்கூடக் கேட்கக் கிடைப்பதில்லை. ஒரு பிரதியைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க என்ன செலவாகிவிடும்? மாசியில் காமன் கூத்துக்குத் தோட்டமே கூடுகிறது. ரதி, மன்மதன் வேஷம் கட்டும் இளைஞர்கள் இந்தக் கதைகளையும் அங்கே நடித்துக் காட்டலாம். தப்பாகச் சொல்லியிருந்தால் கூட்டத்திலிருந்தே யாராவது எழும்பித் திருத்துவார்கள். எந்தப் பேராசிரியரும் அவ்வளவு நன்றாகத் திருத்த மாட்டார்.

அப்புறம், பெண்களிடம் பேச வேண்டுமென்றால் வேலை நாளில் போகாதீர்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் யார் பேசுவார்? அவர்களுக்குப் பதில் வீட்டு ஆம்பளைதான் பதில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை போங்கள், அவரைக் கடைப்பக்கம் அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.