இடம் இருக்கிறது, ஆனால் இடம் இல்லையாம்!

டிஸ்க்கில் பாதி காலி. லினக்ஸ் சர்வரோ 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று கத்துகிறது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தால் எல்லாம் சுகம் என்கிறது. டிஎஃப் மைனஸ் ஐ அடித்தால்தான் குட்டு வெளிப்படுகிறது: ஐநோடு, அதாவது கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் பதிவு, 100 சதவீதமும் தீர்ந்துவிட்டது. அதை அப்படியே சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? இடம் தீர்ந்தாலும் ஐநோடு தீர்ந்தாலும் ஒரே புலம்பல்தான்.

இத்தனைக்கும் காரணம் பிஎச்பி செஷன் கோப்புகள், அதாவது தளத்துக்கு வருபவரை நினைவில் வைக்க பிஎச்பி எழுதும் குறிப்புகள். எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஒவ்வொரு 'பாட்' (bot) புரோகிராமுக்கும் ஒரு கோப்பு, அத்தனையும் ஒரே ஃபோல்டரில். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் பழைய செஷன்களைக் கூட்டித் தள்ள, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை ஒன்று உண்டு. அதை நம்பி, பிஎச்பி தானாகச் செய்யும் துப்புரவை அங்கே அணைத்தே வைத்திருப்பார்கள். சரி, புரோகிராம் எழுதிய நம்ம ஆள் என்ன செய்தார்? கோடுக்குள்ளேயே (code) வேறு ஃபோல்டரைக் காட்டிவிட்டார். கிரானுக்கு அது தெரியாது. அப்புறம் யார் கூட்டுவது?

சரி, அழிப்போம் என்று, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் திரை உறைந்து நிற்கிறது. மொத்தப் பெயரையும் படித்து, அகர வரிசைப்படுத்தி, கலர் வேறு அடித்துத்தான் காட்டுவாராம். வரிசையை இங்கே யார் கேட்டது? மைனஸ் யூ போட்டால்தான் வழிக்கு வருகிறார்.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி ஆர்எம் நட்சத்திரம் அடித்தாலோ, 'ஆர்கியூமென்ட் லிஸ்ட் டூ லாங்', பட்டியல் ரொம்ப நீளமாம். பாவம், ஆர்எம் ஓடவே ஆரம்பிக்கவில்லை. நட்சத்திரத்தை லட்சக்கணக்கான பெயராக விரிப்பது நம் கட்டளையை வாங்கும் ஷெல், அந்த மூட்டையை வாங்க மறுப்பது லினக்ஸின் மையமான கர்னல், திட்டு மட்டும் ஆர்எம்முக்கு. 2007இல் 2.6.23 கர்னல் வரும்வரை அந்த மூட்டைக்கு வரம்பு 128 கேபிதான். இப்போது ஸ்டாக் எனும் நினைவகப் பகுதியின் வரம்பில் கால் பங்கு, அதாவது வழக்கமாக 2 எம்பி. செஷன் பெயர்களின் நீளத்துக்கு 50,000 சொச்சத்திலேயே அதுவும் நிரம்பிவிடும்.

கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளைக்குப் போனால் கோப்புக்கு ஒரு ஆர்எம் ஓட்டச் சொல்லும் அறிவுரைகள்தான் முதலில் கண்ணில் படும். விடிந்துவிடும் ஐயா! மைனஸ் டிலீட் போதும். ஆனால் அது கடைசியில் வர வேண்டும். 'இத்தனை நாள் பழையது' போன்ற நிபந்தனைக்கு முன்னால் வைத்தால் நேற்றைய செஷன், இன்றைய செஷன் என்று பார்க்காமல் மொத்தமாக வழித்துவிடும். மறு கேள்வியே கிடையாது.

எல்லாம் அழித்த பிறகும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் அந்த ஃபோல்டர் இளைக்காது. உள்ளே ஒன்றுமில்லை, ஆனாலும் எல்எஸ் திணறும். புது ஃபோல்டர் போட்டு மாற்ற வேண்டியதுதான்.

கோடு எழுதிய புண்ணியவானிடம் இதையெல்லாம் சொன்னால், "டிஸ்க் சைஸைக் கூட்டிக்கோங்க சார்" என்கிறார். கூட்டினால் ஐநோடும் கூடும்தான். அதையும் தின்று தீர்ப்பதற்குத்தானே அந்தக் கோடு இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது!